பிக்கப் டிரைவர் பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டது, கண்ணாடிக் கடையில் அறுத்துப் போடலாமா?

கொப்பரைக்களம்:

வணக்கமுங்க. வண்டி பொலிரோ பிக்கப், கண்ணாடி கையால் சுற்றுகிற ரகம். தாராபுரத்திலிருந்து காங்கயம் களத்துக்குத் தேங்காய் ஏற்றி வரும்போது, எதிரே தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிப் போன டிப்பரிலிருந்து ஒரு கல் தெறித்து, டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடி மொத்தமும் மடியில் கொட்டிவிட்டது. கையில் கீறல்தான், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிப்பர் நிற்கவே இல்லை. அதைப் பேசி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போதைக்குப் பாலித்தீன் ஷீட் ஒட்டி ஓட்டுகிறேன். ஆடிக் காற்று சும்மா விடுமா, பல்லடம் உடுமலைப் பக்கம் போனால் ஷீட் அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை, சைடு மிரரும் சரியாகத் தெரிவதில்லை. ஸ்பேர் கடையில் ஆர்டர் போட்டால்தான் வரும், சில நாள் ஆகும் என்கிறார்கள். எங்கள் ஊரில் வீட்டு ஜன்னலுக்கும் பீரோவுக்கும் கண்ணாடி போடுகிறவர், "எதுக்குங்க காத்திருக்கறீங்க, அந்தப் பக்கத்துக் கண்ணாடியை அளவெடுத்து அஞ்சு மில்லியில் அறுத்து, ஓரம் தேய்ச்சுத் தர்றேன், மத்தியானம் வண்டியை எடுத்துக்கலாம்" என்கிறார். விலையும் பாதிக்குக் கீழே.

அப்படிப் போடலாமா? கதவை நானே கழற்றினால் திரும்ப மாட்ட முடியுமா, இல்லை பட்டறைக்குத்தான் போக வேண்டுமா? இன்னொன்று, கதவைத் திறந்து மூடினாலே உள்ளே சலசலவென்று சத்தம் வருகிறது. இன்சூரன்ஸ் ஃபுல் கவர் இருக்கிறது, இதற்கெல்லாம் கேட்கலாமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சங்ககிரி_ஸ்டியரிங்:

அறுத்த கண்ணாடி வேண்டவே வேண்டாம். டிரைவர் பக்கம் வேறு. உங்கள் கழுத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. இப்போது உடைந்தது சோளப்பொரி மாதிரி உதிர்ந்ததால் கீறலோடு போயிற்று, ஜன்னல் கண்ணாடியாக இருந்திருந்தால் நீளநீளமாகக் கத்தி கத்தியாக உடைந்திருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.


பழைய_பட்டறை:

தம்பி, சங்ககிரிக்காரர் சொன்னது சரி, ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கதவில் இருப்பது டஃபண்ட் கண்ணாடி. முதலில் சாதாரணக் கண்ணாடியாகவே அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, ஓட்டை வேண்டுமென்றால் அதையும் போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றடித்துக் குளிரவைப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், ஏற்கெனவே இறுகிய தோல் விடாது. இந்த இழுபறி கண்ணாடிக்குள் காலத்துக்கும் அப்படியே நிற்கும். வெளித்தோல் அமுக்கப்பட்ட நிலையில் இருப்பதால்தான் கையால் குத்தினாலும் தாங்குகிறது, அந்தத் தோலைத் தாண்டி ஒரு வெட்டு உள்ளே போனால் எல்லாம் ஒரே நொடியில் சிறு துண்டுகளாக விடுவித்துக்கொள்கிறது. ஆகவே டஃபண்ட் ஆன பிறகு அதை யாராலும் அறுக்க முடியாது. உங்கள் ஊர்க்காரர் அறுத்துத் தருகிறார் என்றால் அது டஃபண்ட் இல்லை, அவ்வளவுதான். அவர் மேல் தப்புச் சொல்லவில்லை, பீரோவுக்கு அது போதும்.

முன் கண்ணாடி வேறு கதை. அது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, கல் பட்டால் விரிசல் விடும், உதிராது.

இனி வாங்குவது. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் சேசிஸ் நம்பர் சொல்லிக் கேளுங்கள், "பொலிரோ கதவுக் கண்ணாடி" என்று மட்டும் கேட்காதீர்கள், மாடலுக்கு மாடல் வளைவும் உயரமும் மாறும். டிரைவர் பக்கமா கிளீனர் பக்கமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கண்ணாடி ஓரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் பொறித்திருக்க வேண்டும். ஸ்டிக்கராக இருந்தால் நம்பாதீர்கள், கண்ணாடியிலேயே பதிந்திருக்க வேண்டும். அவசரம் என்றால் பழைய இரும்புக் கடையில், வண்டி உடைக்கிற இடத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய கண்ணாடி போடுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, அதுவும் அதே டஃபண்ட்தான். ஆனால் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் கீறல் இருந்தால்கூடப் பரவாயில்லை, ஓரத்தில் சின்னச் செதில் போயிருந்தால் எடுக்காதீர்கள். மாட்டும்போதோ, நாலு நாள் கழித்து வெயிலில் நிற்கும்போதோ யாரும் தொடாமலே கொட்டும்.

கண்ணாடி வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சலசலப்பு. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி உள்ளே விழுந்ததை எடுத்துவிடுங்கள். உண்மையில் வேலையே இதுதான், கண்ணாடி போடுவது அப்புறம் ஒன்றுமில்லை. இதை யாரும் செய்வதில்லை, புதுக் கண்ணாடியைச் சொருகிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். துண்டுகள் கண்ணாடி ஓடும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் புதுக் கண்ணாடியில் மேலிருந்து கீழாகக் கோடு இழுக்கும். கதவின் அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றன பாருங்கள், அங்கே கண்ணாடித் துண்டும் களத்து மண்ணும் சேர்ந்து அடைத்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். கதவு அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிக்கப் எத்தனை பார்த்திருப்பீர்கள், பாதிக்கு இதுதான் காரணம்.


ஊத்துக்குளி_லோடு:

அண்ணன் சொல்வதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. எங்கள் அப்பா டெம்போவில் அறுத்த கண்ணாடிதான் போட்டிருந்தார், வருசக்கணக்கில் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. கிராமத்துக்குள் நாற்பதில் ஓட்டுகிற வண்டிக்கு இவ்வளவு வேண்டுமா? காசு பாதி மிச்சம் என்றால் யோசிக்க வேண்டாமா?


பழைய_பட்டறை:

ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒன்றும் மோதவில்லை என்று அர்த்தம், நல்லதுதான். கொப்பரைக்களம் தம்பிக்கு மோதியிருக்கிறதே, அதுவும் அந்தப் பக்கமே. தாராபுரம் ரோட்டில் லோடு வண்டி நாற்பதிலா போகிறது?

ஆபத்தை விட்டுவிடுவோம், வேலையாகவே பாருங்கள். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் லேசாக வளைந்திருக்கும், சமதளத்தில் படுக்கவைத்தால் தெரியும். தட்டையாக அறுத்ததைப் போட்டால் மேலே போகப் போக ரப்பரில் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் சந்து விடும். காற்று விசிலடிக்கும், மழை உள்ளே வரும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கிளாஸ் மெஷின் பல் தேயும். மெஷின் போனால் அந்த மிச்சக் காசு மெஷினுக்கே சரியாகிவிடும். எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகும்போது முத்திரை இல்லாத கண்ணாடி என்று ஆய்வாளர் நிறுத்தினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.


பாலிசி_பேப்பர்:

இன்சூரன்ஸ் கேள்விக்கு மட்டும் நான். ஃபுல் கவர், அதாவது சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால் கல் பட்டு உடைந்த கண்ணாடிக்குக் கேட்கலாம். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கிடையாது. கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, வண்டி எவ்வளவு பழசானாலும் கண்ணாடி விலை முழுசாகக் கணக்கில் வரும். கூடவே மாற்றுகிற ரப்பர், பிளாஸ்டிக்குக்கு மட்டும் 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்கு மேல் கட்டாயக் கழிவுத் தொகை ஒன்று பாலிசியில் எழுதியிருக்கும், அது உங்கள் கையிலிருந்து.

இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு கதவுக் கண்ணாடிக்குக் கேட்க மாட்டேன். க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி 20 சதவீதத்தில் ஆரம்பித்து 25, 35, 45 என்று ஏறி 50-ல் நிற்கும். ஒரு சின்ன க்ளெய்ம் போட்டாலும் அடுத்த வருடம் அது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். போன வருடப் பிரீமியம் ரசீதை எடுத்து போனஸாக எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தொகை கண்ணாடி விலையைவிடப் பெரிதாக இருந்தால் பேசாமல் சொந்தக் காசில் போடுங்கள். போனஸ் பாதிக்காத ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேட்பது என்று முடிவு செய்தால் எதையும் பிரிக்காதீர்கள். முதலில் போட்டோ, பிறகு கம்பெனிக்குத் தகவல், சர்வேயர் பார்த்த பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். கல் பட்டதற்குப் பொதுவாகப் போலீஸ் சீட்டு கேட்க மாட்டார்கள். கண்ணாடியை உடைத்துப் பொருள் எடுத்துப் போயிருந்தால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.


முட்டைவண்டி_நாமக்கல்:

பட்டறை அண்ணன் கதவைச் சொன்னார், கேபினை விட்டுவிட்டார். எங்கள் வண்டிக்கு நைட்டில் நிறுத்தியிருந்தபோது எவனோ கல்லால் அடித்துவிட்டான். சீட்டைத் துடைத்துவிட்டோம், தரையைக் கூட்டிவிட்டோம், எல்லாம் போச்சு என்று பார்த்தால் சீட் பெல்ட்டு குத்தும் இடத்தில் ஒரு துண்டு. பெல்ட்டு போட்டால் பாதி மாட்டி நிற்கிறது. பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து உதறுங்கள், அது சுருளும் இடத்திலும் துண்டு இருக்கும். டாஷ்போர்டில் காற்று வரும் சந்து, ஹேண்ட் பிரேக் அடி, சீட் தண்டவாளம், கால்மிதி மேட்டுக்கு அடியில், எல்லாம் பாருங்கள். துணியால் துடைத்தால் கையில்தான் ஏறும், வேக்கும் கிளீனர் பிடிப்பதுதான் ஒரே வழி. சர்வீஸ் ஸ்டேஷனில் கேட்டால் பிடித்துத் தருவார்கள். நாங்கள் டிரேயை கேபினில் வைக்கிறவர்கள், ஒரு துண்டு முட்டையோடு போய்விட்டால் கடைக்காரரிடம் பேர் கெட்டுவிடும். நீங்கள் கேபினில் சாப்பாட்டுத் தூக்கு வைப்பீர்கள் அல்லவா, அதையும் யோசியுங்கள்.

ஷீட் ஒட்டும்போது டேப்பை பெயின்ட் மேல் ஒட்டாதீர்கள், வெயிலில் காய்ந்தால் பசை வராது, சில சமயம் பெயின்ட்டோடு வரும். கதவைத் திறந்து, ஷீட்டைக் கதவுச் சட்டத்தைச் சுற்றி உள்பக்கம் மடித்து, உள்ளே ஒட்டிக் கதவைச் சாத்துங்கள். கதவே ஷீட்டைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். படபடப்பும் குறையும்.


கொப்பரைக்களம்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரசீதை எடுத்துப் பார்த்தேன், போனஸ் தொகைதான் பெரிசு, அதனால் க்ளெய்ம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உடைக்கிற இடத்தில் சொல்லிவைத்து ஒரு கழற்றிய கண்ணாடி கிடைத்திருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஓரம் தடவிப் பார்த்தேன், செதில் இல்லை. லேசான பச்சைச் சாயல், அந்தப் பக்கமும் அப்படித்தான். நானே மாட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஏனுங்ணா பட்டறை அண்ணா, எங்கிருந்து ஆரம்பிப்பது? சுற்றுகிற கைப்பிடியே வர மாட்டேன் என்கிறது, ஸ்குரூ எதுவும் கண்ணில் படவில்லை.


பழைய_பட்டறை:

ஸ்குரூ தெரியவில்லை என்றால் கைப்பிடிக்குப் பின்னால் யு வடிவத்தில் கம்பி லாக் இருக்கும். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், கதவின் உள்பக்க அட்டையான பேட் கிழியும். ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்துக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுங்கள். லாக் துள்ளி வெளியே வரும். துள்ளும் என்றேன், முகத்தை அங்கே வைக்காதீர்கள், எங்கே விழுகிறது என்று ஒரு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கை வைக்கும் கட்டை, உள் கைப்பிடி ஸ்குரூக்கள் கழற்றிய பிறகு டோர் பேட் கிளிப்பில்தான் நிற்கும். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் விட்டு இழுங்கள், நடுவில் பிடித்து இழுத்தால் அட்டை மடியும். பழைய வண்டியில் இரண்டு மூன்று கிளிப் உடையத்தான் செய்யும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் ஒன்று கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். நிறைய பேர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது சும்மா இல்லை, கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீரைக் கதவுக்குள்ளேயே கீழே ஓட்டைக்கு அனுப்புவது அதுதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் பேடை ஊறவைத்து உங்கள் காலடி மேட்டுக்கு வரும். மெதுவாக உரித்து, பசையில் மண் ஒட்டாமல் ஓரமாக வையுங்கள்.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டுகளைப் பொறுக்குங்கள், மீதிக்கு வேக்கும். மேலே ரப்பருக்குள் இருப்பதை அடித்து விழவைத்து, கடைசியாக அடியைச் சுத்தம் செய்யுங்கள். இதை மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை. அடி ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சடசடவென்று ரோட்டுக்கு வர வேண்டும்.

கண்ணாடியின் அடியைப் பிடித்திருக்கும் இரும்புச் சேனலில் பழைய கண்ணாடியின் அடித்துண்டு இன்னும் நிற்கும். அதைத் தட்டி எடுக்கும் முன்னால், சேனலின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை கண்ணாடி உட்கார்ந்திருந்தது என்று மார்க்கரால் கோடு போட்டு ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். அந்த அளவு கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி சாய்ந்து ஏறும். சேனலுக்குள் இருக்கும் ரப்பர் பேக்கிங் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், கண்ணாடி இரும்பில் நேராகப் படவே கூடாது. சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் இறங்கும். சுத்தியலை நேராகக் கொண்டுபோனீர்கள் என்றால் மறுபடி உடைக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

உள்ளே விடும்போது கண்ணாடியை ஒரு பக்கம் சாய்த்து இறக்கி, கதவுக்குள் போன பிறகு நிமிர்த்தி இரண்டு பக்க ரப்பரிலும் சேர்க்க வேண்டும். இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் மேலே பிடிக்க, ஒருவர் கீழே போல்ட் மாட்ட. போல்ட் பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர். கையால் மட்டும் முடுக்கிவிட்டு, கைப்பிடியைச் சும்மா செருகி, கண்ணாடியை உச்சி வரை ஏற்றுங்கள். மேல் சட்டத்தில் அது தானாக உட்காரும் இடம்தான் சரியான இடம். அங்கே நிறுத்திக்கொண்டு இறுக்குங்கள். கீழே வைத்து இறுக்கிவிட்டு ஏற்றிப் பார்த்தால் கோணலாகத்தான் வரும்.


சங்ககிரி_ஸ்டியரிங்:

அப்படியே கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பக்கக் கண்ணாடியில் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும், முன்னும் பின்னும் 70. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதிலிருந்து லோடு வண்டி என்றால் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உங்கள் பச்சைக் கண்ணாடியே போதும்.


கொப்பரைக்களம்:

மாட்டிவிட்டேன் அண்ணா. உள்ளேயிருந்து வந்த துண்டு மட்டும் ஒரு பெயின்ட் டப்பா நிறைய. கண்ணாடி நேராக ஏறுகிறது, சந்து இல்லை. ஆனால் கடைசி நாலு விரல் உயரத்துக்குக் கைப்பிடி ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. கிரீஸ் வைக்கலாமா?


பழைய_பட்டறை:

ரப்பரில் கிரீஸும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ரப்பர் உப்பும், களத்துத் தூசி எல்லாம் அதில் ஒட்டி மணல் தாள் ஆகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே கிடைக்கும், அதை ரப்பர் பள்ளத்தில் அடித்து நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கிரீஸ் மெஷினின் பல்லுக்கும் அதன் இரும்புக் கை மடங்கும் இடத்துக்கும் மட்டும்.

அதற்குப் பிறகும் மேலே மட்டும் இறுகினால் ரப்பர் மேல் மூலையில் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அனேகமாக அதுதான். கண்ணாடியை இறக்கிவிட்டு, மூலையில் விரலால் ரப்பரை உள்ளே அமுக்கி உட்காரவையுங்கள். அதுவும் இல்லையென்றால் அடிப் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி உச்சிக்கு ஏற்றி இறுக்குங்கள். பேடை இன்னும் மாட்டவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள், மாட்டிவிட்டால் கிளிப் இன்னும் இரண்டு போகும்.